கேட்டது கிடைக்காத ஜெபம்: நோயும் கிறிஸ்தவப் பொறுமையும்

தீராத நோயும் ஓயாத வறுமையும் ஒருவரைச் சூழும்போது அவர் உள்ளத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது ஏன் வந்தது என்பது ஒன்று. வந்துவிட்ட இதனோடு எப்படி வாழ்வது என்பது மற்றொன்று. அன்பும் வல்லமையும் உடைய கடவுள் இருக்கையில் குற்றமற்றவர் ஏன் துன்புற வேண்டும் என்னும் முதல் கேள்விக்கு விடை தேடும் முயற்சி இறைநீதி விளக்கம் எனப்படும். அகுஸ்தீன் முதல் லைப்னிட்ஸ் வரை பேரறிஞர் பலர் அதில் உழைத்திருக்கிறார்கள். ஆயினும் அந்த நூல்களால் வலியில் இரவைக் கழிக்கும் நோயாளிக்குக் கிடைக்கும் துணை மிகக் குறைவு. வேதாகமம் பெரிதும் அக்கறை கொள்வது இரண்டாம் கேள்வியில்தான். அந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவ மரபு தரும் விடையைப் பொறுமை என்று அழைக்கிறோம். ஆனால் வாய்மூடித் தாங்குவதே பொறுமை, முறையிடுவது விசுவாசக் குறைவு என்ற எண்ணம் சபைகளில் வேரூன்றி, ஏற்கெனவே வருந்துவோரை மேலும் வருத்தி வருகிறது. வேதாகமம் காட்டும் பொறுமையின் இயல்பு வேறு. கேட்டது கிடைக்காத நாளிலும் கடவுளோடு பேச்சை முறித்துக்கொள்ளாமல் இருப்பதுதான் அது.

இதற்கு முதற்சான்று யோபுவின் நூல். 'யோபுவின் பொறுமை' என்பது கிறிஸ்தவ வீடுகளில் வழக்குத்தொடராகவே ஆகிவிட்டது. யாக்கோபின் நிருபமும் அந்தப் பொறுமையைச் சுட்டிப் பேசுகிறது. ஆனால் அவ்வாறு சொல்வோரில் பலர் அந்நூலின் நாற்பத்திரண்டு அதிகாரங்களில் முதல் இரண்டை மட்டுமே மனத்தில் வைத்திருக்கிறார்கள். கால்நடைகளையும் வேலையாட்களையும் பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்து, உச்சி முதல் உள்ளங்கால்வரை பருக்கள் புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுத்துண்டால் உடம்பைச் சுரண்டிக்கொள்ளும் யோபு, கடவுளைப் பழிக்காமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வது அந்த இரண்டு அதிகாரங்களில்தான். மூன்றாம் அதிகாரத்தில் அவர் வாய் திறந்து, தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். அதன்பின் வரும் நீண்ட கவிதைப் பகுதி முழுவதும் அவர் கடவுளிடம் கணக்குக் கேட்கிறார். நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்று வழக்காட இடம் தரும்படி வற்புறுத்துகிறார். கடவுள் தம்மைப் பகைவனாக நடத்துவதாகவே சொல்லிவிடுகிறார்.

அவரைத் தேற்ற வந்த எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நூல் முழுவதிலும் அவர்கள் செய்த நல்ல காரியம் அது ஒன்றே. பேசத் தொடங்கியபோது அவர்கள் சொன்னவை பக்தி மணம் கமழும் சொற்கள்: கடவுள் நீதியுள்ளவர், நீதியுள்ளவர் காரணமின்றித் தண்டிக்கமாட்டார், ஆகவே மறைந்த பாவம் ஏதோ உண்டு, அதை அறிக்கையிட்டால் நலம் திரும்பும். தருக்கத்தில் குறை காண முடியாத இந்த வாதத்தின் முடிவு ஒரு துயருற்ற மனிதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக இருந்தது. இறுதியில் பெருங்காற்றிலிருந்து பேசும் கடவுள் யோபுவின் துன்பத்துக்குக் காரணம் எதையும் விளக்குவதில்லை. யோபுவின் அறிவின் எல்லையை உணர்த்துகிறார். ஆனால் தம்மைக் குறித்து யோபு பேசியதுபோல் நண்பர்கள் சரியானதைப் பேசவில்லை என்று எலிப்பாஸைக் கடிந்து, அவர்களுக்காக யோபுவே வேண்டுதல் செய்யும்படி ஏற்பாடு செய்கிறார். கடவுளுக்காக வாதாடியவர்கள் கண்டிக்கப்பட, கடவுளோடு வாதாடியவர் ஏற்கப்படுகிறார். வேதாகமம் பொறுமைக்கு இலக்கணமாக நிறுத்தும் மனிதர் இவ்வளவு முறையிட்டவர் என்பதைச் சபைப் பிரசங்கங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

நூற்றைம்பது சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சார்ந்தவை. புலம்பல் சங்கீதம் என்பது துன்பத்தை எடுத்துரைத்து, விடுதலை வேண்டி, பெரும்பாலும் நம்பிக்கையிலோ நன்றியிலோ முடியும் ஒரு ஜெப வடிவம். இந்த வடிவத்துக்கு அடங்காத சங்கீதம் ஒன்று உண்டு. 88-ஆம் சங்கீதம் சாவின் விளிம்பில் நிற்கும் ஒருவரின் கூக்குரலாகத் தொடங்கி, எந்த ஆறுதல் திருப்பமும் இன்றி இருளிலேயே முடிந்துவிடுகிறது. ஆயினும் அதை யாரும் தொகுப்பிலிருந்து நீக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை அதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவு மன்றாட்டிலும் சொல்லி வருகிறது. நம்பிக்கையின் சுவடே தெரியாத அந்தச் சொற்களும் கடவுளை நோக்கியே சொல்லப்படுவதால் ஜெபமாகின்றன என்பதே அதற்குக் காரணமாக இருக்க முடியும். கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும் தமக்கு வரும் துன்பம் நீங்கும்படி கேட்டார். சிலுவையில் ஒரு புலம்பல் சங்கீதத்தின் தொடக்கத்தையே தம் சொல்லாக்கிக் கதறினார். துன்பம் வேண்டாம் என்று கேட்பது பாவமானால் அந்தத் தோட்டத்து ஜெபத்தை என்ன என்று சொல்வது?

நண்பர்கள் மூவரின் தருக்கம் அவர்களோடு மறைந்துவிடவில்லை. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள் இது யார் செய்த பாவம், இவருடையதா பெற்றோருடையதா என்று கேட்டதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. இரண்டும் இல்லை என்று இயேசு மறுத்தார். சீலோவாம் கோபுரம் சரிந்து பதினெட்டுப் பேர் இறந்தபோதும், இறந்தவர்கள் எருசலேமின் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்றார். இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்ட பின்பும், ஒரு வீட்டில் இளம் பிள்ளைக்குப் புற்றுநோய் என்றால் 'யார் செய்த பாவமோ' என்று அடுப்படியில் தணிந்த குரலில் பேசிக்கொள்வது நின்றபாடில்லை. தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே இந்தப் பேச்சு வினைப்பயன் பற்றிய பழைய எண்ணத்தோடும் எளிதில் கலந்துவிடுகிறது.

இதன் மறுபக்கமாக இன்னொரு பாரமும் நோயாளிகள்மேல் ஏற்றப்படுகிறது. விசுவாசித்தால் கட்டாயம் சுகம் கிடைக்கும், கிடைக்காவிட்டால் விசுவாசம் போதாது என்ற போதனைதான் அது. சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய் வெறுங்கையோடு திரும்பும் நோயாளி, நோயோடு குற்ற உணர்வையும் சுமந்துகொண்டு வீடு வருகிறார். புதிய ஏற்பாடு இந்தப் போதனைக்கு இடம் தருவதாகத் தெரியவில்லை. தம் உடலில் ஒரு முள் கொடுக்கப்பட்டிருந்ததாகவும், அது நீங்கும்படி மூன்று முறை ஆண்டவரை வேண்டியதாகவும் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் சொல்கிறார். அந்த முள் கண்நோயா, மலேரியாவா, வலிப்பா என்று ஆராய்ந்தோர் பலர். உறுதியாகத் தெரிவது அது நீங்கவில்லை என்பது மட்டுமே. அருள் போதும், பலவீனத்திலேயே இறைவல்லமை நிறைவடையும் என்ற பொருளில் அவருக்கு விடை வந்தது. கேட்டது கிடைக்கவில்லை, கேட்ட உறவு நிலைத்தது. பவுலின் தோழரான எப்பாப்பிரோதீத்து சாகும் தறுவாய்க்குப் போய்ப் பிழைத்தார். துரோப்பீமு நோயோடு மிலேத்துவில் விட்டுவரப்பட்டார். தீமோத்தேயுவின் வயிற்று உபாதைக்குக் கொஞ்சம் திராட்சரசம் பரிந்துரைக்கப்பட்டது. பவுலோடு இருந்த லூக்கா மருத்துவர் என்றே அறிமுகம் ஆகிறார். பவுலும் அவர் பெயரால் வழங்கும் நிருபங்களும் போகிற போக்கில் சொல்லும் இந்தச் செய்திகளை வைத்துப் பார்த்தால், ஆதித் திருச்சபையிலும் நோயாளிகள் இருந்தார்கள், சிலர் குணமடைந்தார்கள், சிலர் குணமடையவில்லை, அதற்காக யாருடைய விசுவாசமும் அளந்து பார்க்கப்படவில்லை என்பது விளங்கும்.

ஜெபத்துக்கும் மருந்துக்கும் பகை மூட்டுவோருக்கு நான்காம் நூற்றாண்டிலேயே விடை சொல்லப்பட்டிருக்கிறது. இன்றைய துருக்கியில் உள்ள செசரியாவின் ஆயராக இருந்த பேசில், வாழ்நாளின் பெரும்பகுதியை நோயோடு கழித்தவர். ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் தொழுநோயாளருக்கும் நகருக்கு வெளியே பெரியதொரு பராமரிப்பு இல்லத்தை எழுப்பியவர். துறவியருக்கு அவர் எழுதிய விதிகளில், பசிக்கு உழவைத் தந்த கடவுளே நோய்க்கு மருத்துவத்தைத் தந்தார் என்று வாதிடுகிறார். கூடவே, மருத்துவரையே முழு நம்பிக்கையாக்கிக் கொள்வதையும் அவர் ஏற்கவில்லை. நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் வழக்கம் யாக்கோபின் நிருபத்திலேயே காணப்படுகிறது. அது காலப்போக்கில் மரணப்படுக்கைக்குரிய இறுதிச் சடங்காகச் சுருங்கி, தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் அவஸ்தைப்பூசுதல் என்று பெயர் பெற்றது; குருவானவர் எண்ணெயோடு வீட்டுக்கு வந்தாலே சாவு நெருங்கிவிட்டது என்று குடும்பத்தார் கலங்கினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின், 1972-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதைச் சீர்திருத்த, அது நோயில்பூசுதலாக, வாழ்வுக்குத் துணைசெய்யும் அருளடையாளமாக மீண்டது. 1993 முதல் பிப்ரவரி 11 உலக நோயாளர் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2002-இல் அதன் தலைமை விழா ஆரோக்கிய மாதாவின் வேளாங்கண்ணியில் நடந்தது.

இந்தக் கொள்கைகள் ஓர் உயிருள்ள மனிதரிடத்தில் என்ன ஆகின்றன என்பதைக் காணத் தமிழ்நாட்டிலேயே இரண்டு வாழ்க்கைகள் உள்ளன. அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு அம்மாவாக வாழ்ந்தவர். 1931 அக்டோபர் 24 அன்று மாலை, களக்காட்டில் மருத்துவப் பணிக்காக ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றவர், மங்கிய வெளிச்சத்தில் புதிதாக வெட்டியிருந்த குழியில் தவறி விழுந்து கால் முறிந்தார். சில வாரங்களில் நடந்துவிடுவார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1951 ஜனவரி 18-இல் இறக்கும்வரை, பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல், அவர் பெரும்பாலும் தம் அறையையும் படுக்கையையும் விட்டு அகல முடியவில்லை. ஓயாமல் நடந்து உழைத்தவருக்கு இதைவிடக் கடுமையான சோதனை அமைவது அரிது.

அந்தப் படுக்கையிலிருந்து அவர் பத்துக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். அவற்றுள் 1933-இல் வெளிவந்த, முட்செடியில் பூத்த ரோஜாவைப் பெயராகக் கொண்ட நூல் இங்கே குறிப்பிடத் தக்கது. நோயாளிகளுக்கென்று அச்சிடப்பட்ட ஆறுதல் பிரசுரங்களைப் படித்தபோது அவை தம்மைத் தொடவில்லை என்றும், உடல்நலம் உள்ளவர்கள் நலத்தின் கரையில் நின்றுகொண்டு எழுதியவையாக அவை பட்டன என்றும் அவர் உணர்ந்தார். ஆகவே நோயாளி ஒருவர் நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாகத் தம் நூலை அமைத்தார். எழுதியவற்றில் வலியையும் தூக்கமற்ற இரவுகளையும் அவர் மறைக்கவில்லை. வலியை நல்லது என்று அழைக்கவும் இல்லை. யோபுவின் நண்பர்கள் தவறிய இடம் எதுவோ அதை அவர் நோயின் வழியாகவே கண்டுகொண்டார். நோயுறாதவர் நோயாளியிடம் பேசும்போது சொல்லின் உண்மை மட்டும் போதாது, சொல்பவர் நிற்கும் இடமும் கணக்கில் வருகிறது என்ற இந்தக் கண்டுபிடிப்பு, பல இறையியல் ஏடுகளைவிட மதிப்புடையது.

மற்றொருவர் மருத்துவர் மேரி வர்கீஸ். கேரளத்தில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற அவர், 1954 ஜனவரியில் இளம் மருத்துவர்கள் சிலரோடு சென்ற வண்டி விபத்துக்குள்ளானபோது முதுகுத்தண்டு நசுங்கி, இரு கால்களும் செயலிழந்தார், முகத்திலும் பெருங்காயம். அறுவை மருத்துவம் நின்றுகொண்டு செய்யும் தொழில். அதற்காகவே தம்மை ஆயத்தப்படுத்திக்கொண்ட ஒருவருக்கு முப்பது வயது நிறையும் முன்னே அந்தக் கதவு அடைபட்டதாகத் தோன்றியது. அவர் இதை உடனே மலர்ந்த முகத்தோடு ஏற்றுக்கொண்டார் என்று கதை சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. மீண்டும் எழுந்து நடக்க வேண்டும் என்பதுதான் அவர் மனம் கேட்டது.

அப்போது வேலூரில் பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் தொழுநோயாளரின் கைகளைச் சீர்செய்யும் முறையை வளர்த்து வந்தார். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்த அவர், தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, நரம்பு கெட்டு உணர்ச்சி மறைந்தபின் சூடும் காயமும் தெரியாமல் போவதால்தான் சிதைகின்றன என்பதை எடுத்துக்காட்டியவர். நரம்பு செத்த கையில் உள்ளங்கையின் சிறு தசைகள் வலுவிழக்க, விரல்கள் பறவை நகம்போல் மடங்கிக்கொள்கின்றன. சோற்றை அள்ளவோ பேனாவைப் பிடிக்கவோ முடிவதில்லை. நலமாக உள்ள தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, திசை மாற்றி, மடங்கிய விரல்களில் இணைத்துத் தைப்பது அந்த அறுவையின் சாரம். கட்டுப் பிரித்தபின், இதுவரை வேறு வேலை செய்த தசையைக் கொண்டு விரலை நீட்டவும் மடக்கவும் நோயாளி வாரக்கணக்கில் பழக வேண்டும். இந்த அறுவையில் நோயாளியின் கை சிறு மேசைமேல் விரிந்து கிடக்கும். மருத்துவர் அதன் அருகே உட்கார்ந்தே வேலை செய்யலாம். நிற்க முடியாத மருத்துவருக்கு இந்த வேலை பொருந்தும் என்று கண்டு, அதற்கு மேரி வர்கீஸை ஊக்கியவர் பிராண்ட்தான். சக்கர நாற்காலியில் வந்து கத்தியைக் கையிலெடுத்த அந்தப் பெண்ணைப் பார்த்த தொழுநோயாளருக்குப் பிரசங்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.

அவர் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தாமே மறுவாழ்வுப் பயிற்சி பெற்று, நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் என்னும் மருத்துவரிடம் அந்தத் துறையைக் கற்றுத் திரும்பினார். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு வாழ்வை மீட்டுக் கொடுக்கும் தனித்துறையை வேலூரில் உருவாக்கினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அமைந்தது. 1972-இல் பத்மஸ்ரீ விருது அவருக்கு வந்தது. கால்கள் திரும்பவில்லை. தென்னை மரத்திலிருந்து விழுந்தவரும் சாலை விபத்தில் சிக்கியவரும் அந்த நிலையத்தில் உட்காரவும் உடுத்தவும் ஒரு தொழிலைச் செய்யவும் கற்றார்கள் என்பதை வைத்து, இதற்காகத்தான் கடவுள் அந்த விபத்தை அனுப்பினார் என்று முடிவு கட்டுவதும் அத்துமீறலே. விபத்து தீமைதான், அந்தத் தீமை இறுதிச் சொல்லாக நின்றுவிடவில்லை என்று மட்டுமே சாட்சி சொல்ல முடியும். உயிர்த்தெழுந்த இயேசுவின் கைகளில் ஆணித்தழும்புகள் அழியாமல் இருந்தன என்று நற்செய்தி சொல்வதைத் தியானித்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. சிலுவையைச் சுமப்பது பற்றிய போதனை, சுமக்க வேண்டாதவற்றையும் சுமக்கச் சொல்லும் கருவியாகப் பலமுறை பயன்பட்டிருக்கிறது. குடிகாரக் கணவனிடம் அடிவாங்கும் பெண்ணுக்கும், கூலி மறுக்கப்பட்ட தொழிலாளிக்கும், கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் சாதியால் ஒதுக்கப்பட்ட தலித் கிறிஸ்தவருக்கும் 'பொறுத்துக்கொள்' என்று சொல்வது விசுவாசப் போதனை ஆகாது. பெரு நாட்டின் இறையியலாளர் குஸ்தாவோ குத்தியேரெஸ் இதை ஆழமாக உணர்ந்தவர். எலும்பு அழற்சி நோயால் பன்னிரண்டு வயது முதல் பதினெட்டு வயதுவரை நடக்க முடியாமல் கழித்து, பின்பு லீமாவின் ஏழைகள் பகுதியில் குருவாக உழைத்த அவர், 1986-இல் யோபுவைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குற்றமற்றோரின் துன்பத்துக்கு நடுவே கடவுளைப் பற்றி எவ்விதம் பேசுவது என்பதே அவர் கேள்வி. யோபு தம் வேதனையிலிருந்து மற்ற ஏழைகளின் வேதனையைக் காணக் கற்றுக்கொள்கிறார் என்பது அவர் வாசிப்பில் முக்கியமான கட்டம். மனிதர் செய்யும் கொடுமையை எதிர்த்து நிற்கவும், மாற்ற முடியாத நோயோடு வாழவும் தேவைப்படும் உறுதி ஒரே ஊற்றிலிருந்து வருகிறது. இரண்டாவதைக் காட்டி முதலாவதை அடக்குவோர் அந்த ஊற்றையே மண்ணிட்டு மூடுகிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் நோயாளியிடம் அளவுக்கு மீறிய உறுதியை எதிர்பார்ப்பதுபோல் தோன்றலாம். வலி மிகும்போது ஜெபிக்கவே முடியாது என்பது நோயுற்ற பலர் வெளியே சொல்லக் கூசும் உண்மை. மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரம் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. திமிர்வாதக்காரர் ஒருவரை நான்கு பேர் படுக்கையோடு தூக்கி வருகிறார்கள். வாசலில் கூட்டம் நெருக்கவே கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டு அவரிடம் பேசினார் என்கிறது நற்செய்தி. படுத்திருந்தவர் அதுவரை ஒரு சொல்லும் பேசியதாக இல்லை. விசுவாசம் தனிமனிதரின் மனவலிமை அல்ல, ஒருவர் சோரும்போது மற்றவர்கள் தாங்கும் பொதுச்சொத்து என்பதை இதைவிடத் துலக்கமாகக் காட்டும் பகுதி புதிய ஏற்பாட்டில் அரிது. 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கி இன்றைய வலிநிவாரணப் பராமரிப்புக்கு வித்திட்ட சிசிலி சாண்டர்ஸ், தம் கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்து வகுத்த கருத்தும் இதற்கு அண்மையது. சாகும் நிலையில் உள்ளவரின் வேதனை உடல், மனம், குடும்பம், ஆன்மா என எல்லாவற்றையும் தழுவிய முழு வலி என்றும், அதைப் போக்க மருந்தோடு மனிதரும் வேண்டும் என்றும் அவர் கற்பித்தார்.

நோய் வந்த முதல் மாதத்தில் சபையார் பழப்பையோடு வரிசையாக வருவார்கள். ஜெபக்குழு பாட்டுப் பாடும். போதகர் வாரம் தவறாமல் வருவார். மூன்றாம் ஆண்டில் கதவைத் தட்டுவோர் குறைந்துவிடுவார்கள். குணமாகாத நோயாளியைப் பார்க்கும்போது தங்கள் ஜெபமும் கேள்விக்குள்ளாவதாகப் பலர் உணர்வதும் அதற்கு ஒரு காரணம். அந்த மூன்றாம் ஆண்டில் நற்கருணையைப் படுக்கைக்குக் கொண்டுவருபவரும், மருந்துச் செலவில் பங்கேற்பவரும், இரவு முழுதும் கண்விழித்த மனைவியையோ மகளையோ இரண்டு மணி நேரம் தூங்கச் சொல்லிவிட்டுத் தாம் உட்கார்ந்திருப்பவரும், நோயாளியால் சொல்ல முடியாத சங்கீதத்தை அவர் பெயரால் சொல்பவரும் அந்த நால்வரின் வேலையைத்தான் செய்கிறார்கள்.